கடல் இடப்பக்கம் இருக்கட்டும்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேல்மாடியில் நின்றால் ரயில் பாதைக்கு அப்பால் கடல் தெரியும். அம்மா அதைத் தினமும் பார்க்கிறார். இருந்தும் எங்காவது பயணம் போகிறோம் என்றால் அவர் முதலில் கேட்பது, "கடற்கரையாலை போறமோ?" என்றுதான். 2023 பெப்ரவரியில் நானும் தம்பியும் அம்மாவையும் என் மகளையும் காரில் ஏற்றிக்கொண்டு தென்கரையைச் சுற்றி, மலையகம் ஏறி, வீடு திரும்பத் திட்டம் போட்டதும் அவருக்காகத்தான். காலி, மாத்தறை, திசமகாராமை, கதிர்காமம், வெல்லவாய, எல்ல, நுவரெலியா, ஹற்றன், கித்துள்கல, திரும்பவும் கொழும்பு. ஏறக்குறைய 600 கிலோமீற்றர். மூன்று நாள் போதும் என்று நினைத்தோம். போதவில்லை.

ஆனால் நாள் போதாதது இரண்டாவது பிழை. முதல் பிழை, சுற்றின திசை.

நம் நாட்டில் வாகனம் வீதியின் இடப்பக்கம் ஓடுகிறது. கொழும்பிலிருந்து காலி வீதியில் தெற்கே போனால் கடல் வலப்பக்கம் வரும். அம்மா பின் இருக்கையில் இடப்பக்கம் இருந்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் கடைகளும் மதில்களும்தான். தென்னைகளுக்கு நடுவே கடல் திடீரென்று திறக்கும் இடங்களில், "இதிலை நிப்பாட்டு பிள்ளை" என்பார். எதிரே தனியார் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு வரும், பின்னால் ஒரு வரிசை வாகனம், நடுவே முச்சக்கர வண்டிகள். அதை வெட்டி வலப்பக்கம் திருப்பி நிறுத்துவதென்றால் உயிரைக் கையில் பிடிக்க வேண்டும். "அடுத்த இடத்திலை அம்மா" என்று சொல்லிச் சொல்லியே மாத்தறை வரை வந்துவிட்டோம். அவர் பதினொரு தரம் கேட்டார், இரண்டு தரம்தான் நிறுத்தினோம். மகள் எண்ணிக்கொண்டு வந்தாள்.

மகள் தன் பயிற்சிக் கொப்பியில் நிற்க வேண்டிய இடங்களையும் எழுதி வைத்திருந்தாள். பத்தொன்பது இடங்கள். களுத்துறைப் பாலம், கொஸ்கொட கடலாமைக் குஞ்சு பொரிக்கும் இடம், அம்பலாங்கொடை முகமூடிகள், காலிக் கோட்டை, வெலிகமவில் கம்பில் இருந்து மீன்பிடிப்போர் என்று போகும் அந்தப் பட்டியல். பிள்ளையில் பிழையில்லை. அந்தப் பட்டியலை வாங்கிப் பார்த்து, ஓரிடத்தில் இறங்கி ஏற எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போடாதது நான். வயதான ஒருவர், ஒரு பிள்ளை, கழிப்பறை, தண்ணீர்ப் போத்தல், செருப்பு தேடுவது, படம் எடுப்பது என்று பார்த்தால் "சும்மா எட்டிப் பார்க்கும்" இடத்துக்கே நாற்பது நிமிடம் போகும். பத்தொன்பதை நாற்பதால் பெருக்குங்கள். கார் ஓட ஒரு நிமிடமும் சேர்க்காமலே பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வருகிறது.

முதல் நாள் திசமகாராமையை அடைந்தபோது இரவு ஒன்பது. அம்பாந்தோட்டைக்கு அப்பால் இருட்டில் எருமைகள் வீதியில் படுத்திருந்தன. எருமையின் கண் வெளிச்சத்தில் மின்னும் என்று நம்பிப் போகக்கூடாது. அது மற்றப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தால் கறுப்பு வீதியில் கறுப்பு மேடுதான். தம்பி ஒன்றைக் கண்டு நிறுத்தியபோது இடைவெளி ஒரு பாய் அகலம்.

இரண்டாம் நாள் இதைவிட மோசம். கதிர்காமத்தில் கும்பிட்டு, வெல்லவாயவில் சாப்பிட்டு, எல்லவுக்கு ஏறும்போது பின்னேரம் நாலு மணி. சனிக்கிழமை. எல்ல என்பது ஒரே ஒரு தெரு. அதில் பஸ், வான், முச்சக்கர வண்டி, முதுகுப் பையோடு வெள்ளைக்காரர் எல்லாரும் ஒரே நேரத்தில். அதைக் கடக்கவே முக்கால் மணித்தியாலம். அன்றிரவு தங்க நாங்கள் பதிவு செய்திருந்தது நுவரெலியாவில். வெலிமடை தாண்டும்போது இருட்டிவிட்டது. பிறகு பனி இறங்கியது.

மலைப் பனியை அதற்கு முன் பகலில்தான் பார்த்திருக்கிறேன். இரவில் அது வேறு. பார்க்க இன்னும் வெளிச்சம் வேண்டும் என்று நான் பெரிய லைட்டைப் போட்டேன். முன்னால் ஒரு வெள்ளைச் சுவர் எழும்பியது போல் இருந்தது. சின்ன லைட்டுக்கு மாற்றியதும் வீதியின் ஓரக் கோடாவது தெரிந்தது. மகள் சத்தி எடுக்கத் தொடங்கினாள். அம்மா வாய்க்குள் கந்தர் சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தார். வீதியோரத்தில் ஒரு சிறு தேநீர்க் கடை வெளிச்சம் கண்டு நிறுத்தினோம். கடைக்காரர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டுத் தமிழிலேயே சொன்னார்: "இந்த நேரத்துல தனியா ஏறாதீங்க அக்கா. இன்னும் கொஞ்ச நேரத்துல நுவரெலியா பஸ் வரும். அவருக்கு ஒவ்வொரு வளைவும் மனப்பாடம். அவரு பின் லைட்ட பார்த்துக்கிட்டே போங்க."

சூடாக இஞ்சித் தேத்தண்ணி குடித்தோம். மகளின் கையில் ஒரு தேசிக்காயைக் கொடுத்து மணக்கச் சொன்னார். பஸ் வந்தது. இரண்டு சிவப்பு வெளிச்சங்களைப் பிடித்துக்கொண்டு, மிக நெருங்காமல், தொலைந்தும் போகாமல், நுவரெலியா வரை ஏறினோம். விடுதியில் சமையலறை மூடிவிட்டார்கள். கையில் இருந்த பிஸ்கட்டைச் சாப்பிட்டுப் படுத்தோம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பெப்ரவரி இரவுக் குளிர் எப்படி என்று கொழும்பில் ஒரு போர்வைகூடத் தேவைப்படாதவர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது.

மூன்றாம் நாள், ஹற்றனிலிருந்து கினிகத்தேனைக்கு இறங்கும்போது பிறேக் கருகும் மணம் வந்தது. பிழை எங்களுடையதே. எங்கள் கார் அக்சியோ ஹைபிரிட். கியரை 'டி'யில் விட்டு பிறேக்கை மிதித்து மிதித்து இறங்கினோம். ஹைபிரிட் காரில் பிறேக் பிடிக்கும்போது அந்த வேகத்தின் பெரும்பகுதி மின்சாரமாகி பற்றரிக்குப் போகிறது. ஆகவே சாதாரண இறக்கத்தில் பிறேக் கட்டைகளுக்கு வேலை குறைவு. ஆனால் நீண்ட மலை இறக்கத்தில் பற்றரி நிரம்பிவிடும். நிரம்பிய பிறகு வாங்கிக்கொள்ள இடமில்லை, முழுப் பாரமும் பிறேக் கட்டைகளுக்கு வரும். முன் தட்டில் பற்றரிக் கோடுகள் எல்லாம் நிரம்பியிருந்ததை மகிழ்ச்சியாகப் பார்த்துக்கொண்டு வந்தோம், அது எச்சரிக்கை என்று தெரியாமல். கியரில் 'பி' (நிறுத்தும்போது போடும் P அல்ல, B) என்று ஒன்று இருப்பது இதற்காகத்தான். அதில் போட்டால் இயந்திரமே காரை இழுத்துப் பிடிக்கும். சாதாரண ஓட்டோ கியர் காரில் 'எல்' அல்லது '2', கையால் கியர் மாற்றும் காரில் இரண்டாம் கியர். ஒரு மலையை எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று லொறிச் சாரதிகள் சொல்வார்கள். மணம் வந்தால் பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி ஆற விட வேண்டும். சில்லில் தண்ணீர் ஊற்றக்கூடாது. கொதிக்கும் இரும்பு திடீரென்று குளிர்ந்தால் வளையும், வெடிக்கும். நாங்கள் ஒரு வளைவுக்கு அப்பால் நாற்பது நிமிடம் நின்றோம்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா களைத்துப்போயிருந்தார். "நல்லாத்தான் இருந்தது" என்றார். அந்தத் 'தான்' எனக்குக் கிடந்து உறுத்தியது.

இரண்டு வருடம் கழித்து, 2025 பெப்ரவரியில் அதே பாதையை எதிர்த் திசையில் சுற்றினோம். முதலில் மலை, பிறகு கடல். ஐந்து நாள், நான்கு இரவு. இந்த முறை திட்டம் போடும்போது முதலில் பிடித்தது கிலோமீற்றரை அல்ல, இருட்டும் நேரத்தை. பின்னேரம் நாலரைக்குள் எங்கே இருக்க வேண்டும் என்று எழுதி, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டோம். முந்திய பயணத்தில் குறித்து வைத்த நேரங்கள் உதவின. மலை வீதியில் எங்களுக்கு மணிக்கு 25 கிலோமீற்றர்தான் வந்தது. காலி வீதியில் 30, 35. தனமல்வில, திசமகாராமைப் பக்கத்து நேர் வீதியில் 50. தொலைபேசி வரைபடம் காட்டும் நேரம் இடையில் நிற்காத, பசிக்காத, பிள்ளை இல்லாத ஒரு சாரதிக்கானது. அதோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மகள் மறுபடி பட்டியல் எழுதினாள். இந்த முறை ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், இரண்டு சின்ன இடம் என்று பேசிக்கொண்டோம். எதை வெட்டுவது என்று அவளிடமே விட்டோம். முகமூடிகளை வெட்டினாள், கடலாமையை வெட்ட மறுத்தாள். சரி, வைத்துக்கொண்டோம். அதோடு ஒவ்வோர் இரவும் பெட்டி கட்டாமல், அப்புத்தளையில் மட்டும் இரண்டு இரவு எடுத்தோம். முழுப் பயணத்திலும் செய்த நல்ல காரியம் அது என்று இப்போதும் நினைக்கிறேன். ஒரு நாள் கார் நின்றால்தான் காரில் போனவர்களுக்கு இடுப்பு நிமிரும்.

நாள் தெரிவதிலும் கவனம் வேண்டும். தென்மேல் பருவக்காற்று மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் கரையிலும் மலையின் மேற்குச் சரிவிலும் கொட்டும். கடலும் அப்போது கலங்கிக் கிடக்கும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. இந்தச் சுற்றுக்கு ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை நல்லது. ஏப்ரலில் நுவரெலியா வசந்த காலம் என்று ஊரே அங்கே நிற்கும். சிவனொளிபாத மலைப் பருவம் மார்கழிப் போயாவிலிருந்து (முழுமதி நாள்) வெசாக் போயா வரை; அந்த மாதங்களில் வார இறுதிகளில் ஹற்றன் வீதி யாத்திரை வான்களால் நிரம்பும். நாங்கள் செவ்வாய்க்கிழமை புறப்பட்டோம், போயா வராத வாரமாகப் பார்த்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாங்கள் போய்வந்த அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டது. நாங்கள் தேநீர் குடித்த மலைகளில் மண் சரிந்து வீடுகள் போயின, உயிர்கள் போயின, வீதிகள் அறுந்தன. ஆகவே பழைய பயணக் குறிப்பை, இதையும் சேர்த்துத்தான், அப்படியே நம்பிப் புறப்படாதீர்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளை மாவட்டம், பிரதேசம் என்று பிரித்து வெளியிடுகிறது. மழை நாட்களில் அதைப் பாருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. பொலிஸ் 119, அம்பியுலன்ஸ் 1990. தங்கப்போகும் இடத்துக்கு முதல் நாள் ஒரு அழைப்பு எடுத்து, "எந்த வீதியால் வருவது நல்லது?" என்று கேட்பது எல்லாவற்றிலும் மேல்.

காரை ஒரு வாரம் முந்தியே காட்டினோம்: பிறேக் கட்டை, ரயர், குளிரூட்டும் நீர், வைப்பர். வைப்பர் றப்பர் தேய்ந்திருப்பது கொழும்பில் தெரியாது, மலைப் பனியில் தெரியும். ஸ்பெயார் ரயரில் காற்று இருக்கிறதா என்றும் பாருங்கள், எங்களுடையதில் இல்லை. 2022-இல் கியூஆர் குறியீட்டோடு பெற்றோல் வரிசையில் நின்ற நாட்களுக்குப் பிறகு தம்பி தாங்கியைப் பாதிக்குக் கீழே இறங்க விடுவதில்லை. மலையில் அது நல்ல பழக்கம். புறப்படுவதற்கு முதல் நாள் மாலை மயூரபதி அம்மன் கோயிலுக்குக் காரைக் கொண்டுபோய், நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து ஏற்றி, தேங்காய் உடைத்தோம். அம்மாவுக்கு அதற்குப் பிறகுதான் பெட்டி கட்ட மனம் வந்தது.

காலை நாலரைக்குப் புறப்பட்டோம். அந்த நேரத்தில் கொழும்பு வேறு ஊர். அவிசாவளையை இருட்டிலேயே தாண்டி, விடியும்போது கித்துள்கலவில் களனி கங்கைக் கரையில் நின்றோம். வாழையிலையில் கட்டிய இடியப்பம், சம்பல், போத்தலில் சொதி. ஆற்றின் மேல் புகை போல ஆவி ஏறிக்கொண்டிருந்தது. கொழும்பில் கழிமுகத்தில் நாம் பார்க்கும் கலங்கின களனியும் கல் தெரிய ஓடும் இந்தக் களனியும் ஒன்றுதான் என்று மகளுக்குச் சொன்னேன், அவள் நம்பவில்லை. காலைச் சாப்பாட்டை இங்கே முடிப்பதில் ஒரு கணக்கும் உண்டு. வளைவுகள் இனித்தான் தொடங்கும். வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. மகளை முன் இருக்கைக்கு மாற்றி, கண்ணைத் தொலைபேசியில் வைக்காமல் தூரத்து மலையில் வைக்கச் சொல்லி, ஜன்னலை விரலளவு திறந்து வைத்தோம். இந்தத் தரம் சத்தி இல்லை.

ஹற்றன் தாண்டி டெவன் நீர்வீழ்ச்சி, பிறகு சென் கிளயர். இரண்டும் வீதியோரத்திலிருந்தே தெரியும், இறங்கி நடக்கத் தேவையில்லை. முழங்கால் நோவுள்ளவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்குப் பிறகு சென் கிளயரில் பழைய நீர்ப்பெருக்கு இல்லை. அம்மா இளம் வயதில் பார்த்ததை நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பக்கத்துத் தேநீர் நிலையத்தில் கழிப்பறை சுத்தமாக இருந்தது. பெண்களோடு போகிறவர்கள் இதைக் கட்டாயம் திட்டத்தில் எழுத வேண்டும்: அடுத்த சுத்தமான கழிப்பறை எங்கே? இரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்று என்று குறித்து வைத்தோம். முதல் பயணத்தில் அம்மா தண்ணீரே குடிக்காமல் வந்திருக்கிறார் என்பது பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

நுவரெலியாவில் தங்கவில்லை. சீதா எலியாவில் சீதை அம்மன் கோயிலில் கும்பிட்டு, வெலிமடை, பண்டாரவளை வழியாக அப்புத்தளைக்கு நாலே காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். வழியில் அந்தத் தேநீர்க் கடையைத் தேடினேன். பகலில் எல்லாக் கடையும் ஒரே மாதிரி இருந்தன. எது என்று தெரியவில்லை.

மறுநாள் விடியற்காலை லிப்டன் இருக்கை. தம்பதென்னை தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து ஏழு கிலோமீற்றர், ஒடுங்கிய தோட்ட வீதி. எங்கள் காரை விட்டுவிட்டு ஊர் முச்சக்கர வண்டியில் ஏறினோம். அந்த வீதியில் எதிரே வாகனம் வந்தால் எங்கே பின்வாங்குவது என்பது ஊர்க்காரருக்குத்தான் தெரியும். ஒன்பது, பத்து மணியானால் முகில் வந்து மூடிவிடும். ஆறரைக்கு மேலே இருந்தால் நல்லது. தோமஸ் லிப்டன் 1890-இல் கட்டின தொழிற்சாலை கீழே பெட்டி போலத் தெரிந்தது. தெளிந்த காலை. தெற்கே மலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாழ்ந்துகொண்டே போய், கடைசியில் வானத்துக்குக் கீழே ஒரு மெல்லிய வெள்ளிக் கோடு. "அது கடலோ?" என்றார் அம்மா. வண்டிக்காரத் தம்பி, "ஆமாங்கம்மா, அம்பாந்தோட்டப் பக்கம்" என்றார். நாளன்றைக்கு அந்தக் கோட்டின் மேல்தான் போகப் போகிறோம் என்று மகள் அம்மம்மாவுக்கு விரலால் காட்டினாள்.

இறங்கும்போது கொழுந்து எடுக்கும் பெண்கள் மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். 1823-இலிருந்து கணக்கிட்டால் இவர்களின் முன்னோர் இந்த மலைகளுக்கு வந்து இருநூறு ஆண்டுக்கு மேல். நாம் பார்த்து வியக்கும் பச்சை எல்லாம் அவர்கள் முதுகில் வந்தது. இறங்குவோர் பலர் வண்டிக்குள்ளிருந்தபடியே அவர்கள் முகத்துக்கு நேரே தொலைபேசியை நீட்டுகிறார்கள். வேண்டாம். நமக்கு அவர்கள் மொழி தெரியும், இறங்கி ஒரு வார்த்தை பேசலாம், கேட்டு எடுக்கலாம். அம்மா ஒருவரோடு பேசத் தொடங்கி, இரண்டு பேருக்கும் முழங்கால் நோ என்று தெரிந்ததும், எந்த எண்ணெய் நல்லது என்பது வரை பேச்சுப் போனது.

மூன்றாம் நாள் எல்லவுக்குக் காலை எட்டுக்கே போய்விட்டோம். அதே தெரு, வெறிச்சோடிக் கிடந்தது. 1921-இல் முடிந்த ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்த்துவிட்டு, வெல்லவாய இறக்கத்தைப் பத்தரைக்குத் தொடங்கினோம். ஏறக்குறைய 27 கிலோமீற்றர், நீண்ட இறக்கம். எல்லவில் புறப்படும்போதே 'பி'யில் போட்டுவிட்டோம். பின்னால் அவசரப்படுகிறவர்களுக்கு ஓரம் கொடுத்து வழி விட்டோம். இராவணன் நீர்வீழ்ச்சியில் நிற்கும்போது சில்லுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன், இளஞ்சூடு, அவ்வளவுதான். அந்த ஆண்டு செப்டெம்பரில் இதே வீதியில் ஒரு பஸ் பள்ளத்தில் பாய்ந்து 15 பேர் இறந்த செய்தி வந்தபோது என் கை நடுங்கியது. இந்த வீதியை இரவில் இறங்காதீர்கள். வேறொன்றும் சொல்லத் தோன்றவில்லை.

கீழே இறங்கியதும் காற்று மாறும். குளிர்ச் சட்டையை ஒவ்வொருவராகக் கழற்றினோம். வெல்லவாயவுக்குத் தெற்கே புதுருவகலவில் கல்லில் செதுக்கிய 51 அடிப் புத்தர். மர நிழலில் நடந்து போகலாம், கூட்டம் இல்லை. அதற்குப் பிறகு வீதியோரக் கொட்டில்களில் சட்டி சட்டியாக எருமைத் தயிர் தொங்கும். சட்டியைக் கொஞ்சம் சரித்துப் பாருங்கள், தயிர் அசையாமல் நின்றால் வாங்குங்கள். கித்துள் பாணியை ஒரு சொட்டு விரலில் விட்டுப் பாருங்கள். சீனிப்பாகு கலந்தது நாக்கில் உடனே இனித்து மறையும், நல்ல கித்துள் புகை மணத்தோடு நிற்கும். மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுத் தயிரையே சாப்பிட்டோம்.

தனமல்வில வீதியில் பின்னேரம் ஐந்துக்குப் பிறகு யானை வரலாம். மூன்று மணிக்கே திசமகாராமையில் இருந்தோம். புத்தள-கதிர்காம வீதியைச் சிலர் குறுக்கு வழி என்பார்கள். அங்கே யானைகள் வாகனத்தை மறித்துத் தீனி கேட்கப் பழகியிருக்கின்றன. பழம் கொடுத்துப் பழக்கினது மனிதர்தான். தயவு செய்து கொடுக்காதீர்கள். நீங்கள் கொடுக்கும் வாழைப்பழத்துக்கு அடுத்த மோட்டார் சைக்கிள்காரர் விலை கொடுப்பார். அன்று மாலை மாணிக்க கங்கையில் கால் நனைத்து, கதிர்காமத்தில் மாலைப் பூசை பார்த்தோம். முதல் பயணத்தில் மணியைப் பார்த்துக்கொண்டே கும்பிட்ட இடம். இந்த முறை அம்மா மணலில் இருந்து, பூசை முடியும் வரை காத்திருந்தார்.

நாலாம் நாளிலிருந்துதான் கடல். தங்காலைக்குப் பிறகு மேற்கே ஓடும்போது அது இடப்பக்கம் வந்துவிட்டது. தெய்வேந்திரமுனையில் இறங்கினோம், தீவின் தென்கோடி. 49 மீற்றர் உயர வெளிச்சவீடு. அதற்கு அப்பால் அன்டார்க்டிக்கா வரை தண்ணீர்தான். ஆனால் எனக்கு அந்த இடம் வேறொன்றுக்காக முக்கியம். புறப்படுவதற்கு முந்திய ஞாயிறு மகளைக் கொழும்பு தேசிய நூதனசாலைக்குக் கூட்டிப்போயிருந்தேன். அங்கே ஒரு கல் இருக்கிறது. 1409-ஆம் ஆண்டுக் கல். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்தது. 1911-இல் காலியில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கவிழ்ந்து கிடந்ததைக் கண்டெடுத்தார்கள். சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது, பாரசீகப் பகுதி அல்லாஹ்வை. தமிழ்ப் பகுதி தெய்வேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த தெனவரை நாயனாரைப் போற்றி, கொடுத்த பொன், வெள்ளி, பட்டு, எண்ணெயைக் கணக்குச் சொல்கிறது. அந்தப் பெருங்கோயிலைப் போர்த்துக்கேயர் 1588-இல் இடித்தார்கள். இன்று அங்கே விஷ்ணு தேவாலயம் இருக்கிறது. பழைய காலத்துச் சிறு கற்கோயில் ஒன்றும் மேட்டில் நிற்கிறது. மகள் கற்சுவரில் கையை வைத்து, "அந்தக் கல்லிலை இருக்கிற பேர் இந்த இடமோ?" என்றாள். பயணத்துக்கு முன் நூதனசாலையில் செலவழித்த ஒரு மணித்தியாலம் அங்கே வந்து சேர்ந்தது. எந்த வழிக்கும் இப்படி ஒரு முன்வேலை இருக்கும். பிள்ளைகளோடு போகிறவர்கள் தேடிப் பாருங்கள்.

அஹங்கமவில் இரவு. ஐந்தாம் நாள் காலை ஏழுக்குக் காலிக் கோட்டை மதிலில் நடந்தோம். பத்து மணிக்குப் பிறகு அந்தக் கல் மதிலில் வெயில் சுடும். பிறகு சாவகாசமாக வடக்கே. மகளின் கடலாமைக்கு மதியத்துக்குப் பிறகு போகலாம் என்றிருந்தோம், அவள் ஹிக்கடுவையில் கரையோரமே பெரிய ஆமை ஒன்று பாசி தின்பதைக் கண்டுவிட்டாள். கொஸ்கொட தேவைப்படவில்லை. அங்கேயே நாலு மணி வரை இருந்துவிட்டோம்.

ஹிக்கடுவைக்கு வடக்கே பெரலிய. 2004 டிசெம்பர் 26 காலை கொழும்பிலிருந்து மாத்தறை நோக்கிப் போன ரயிலைக் கடல் தூக்கிய இடம். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். நினைவுத் தூண் வீதியோரத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டு மேல்மாடியிலிருந்து தெரியும் அதே ரயில் பாதை. அன்று காலை அந்த ரயில் எங்கள் வீட்டைக் கடந்துதான் போயிருக்கும். அம்மா காரிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, கொஞ்ச நேரம் நின்று வந்தார். யாரும் படம் எடுக்கவில்லை.

அங்கிருந்து தம்பி ஓட்டினான். இருட்டும் வரை கரையோரம், இருட்டின பிறகு உள்ளே திரும்பி அதிவேக நெடுஞ்சாலை என்பது திட்டம். கடல் தெரியாத நேரத்தில் காலி வீதியில் பஸ்களோடு மல்லுக்கட்டுவதில் பயன் இல்லை. கொட்டாவ வரை நேர் வீதி, வீட்டுக்கு எட்டரைக்குள் போகலாம். மணி ஆறு. சூரியன் தண்ணீருக்கு மேல் நாலு விரல் உயரத்தில் நின்றது. ஒரு வளைவு தாண்டினதும் தென்னை எல்லாம் விலகி, கல்லணைக்கு அப்பால் கடல் முழுக்கத் திறந்தது. அம்மா பின் இருக்கையில் இடப்பக்க ஜன்னலைக் கீழே இறக்கினார்.

"இதிலை நிப்பாட்டு பிள்ளை."

தம்பி இடப்பக்க சிக்னலைப் போட்டான்.